காப்பிக் காட்டு மண்ணுக்கு மெட்டல் டெஸ்ட், பாக்டீரியா டெஸ்ட் ரெண்டும் எடுத்தாச்சு: சேலம் லேப் ரிவ்யூ

மொதல்லயே மார்க் போட்டுடறேன், 5க்கு 3.5. மெட்டல் ரிப்போர்ட்டுக்கு மட்டும்னா தாராளமா 4.5 குடுக்கலாம், பாக்டீரியா ரிப்போர்ட்டை எழுதியிருக்கற லட்சணத்துக்கு 2, கடைசிப் பக்கத்துல ஒரு பவுடரை விக்கப் பாத்தாங்க பாருங்க அதுக்கு முட்டை. எல்லாம் கூட்டிக் கழிச்சு, வந்து மண்ணு எடுத்துட்டுப் போன பையனோட வேலை சுத்தத்துக்காகக் கொஞ்சம் ஏத்திப் போட்டது தான் இந்த 3.5.

லேப் பேரு போடல. டவுனுக்குள்ள இருக்கற ஒரு தனியார் லேப், படிச்ச பசங்க சேந்து ஆரம்பிச்சது, குறை சொல்லும்போது பேரைப் போட்டா அவங்க பொழப்புல மண்ணு, நல்லதை மட்டும் சொல்லிப் பேரைப் போட்டா எவ்வளவு வாங்கினன்னு நீங்களே கேப்பீங்க. எங்க குடுத்தாலும் எதைக் கேட்டு வாங்கணும், எதைப் பாத்துப் பயப்பட வேண்டாம்னு தெரிஞ்சுக்கறதுக்காக இதைப் படிங்க, அது போதும்.

எங்களுக்கு ஏற்காட்டுல நாகலூர் போற பக்கம் கொஞ்சம் காப்பிக் காடு இருக்குங்க. அராபிகா, பாதிக்கு மேல எஸ் 795ங்கற ரகம், ஊடால சில்வர் ஓக் மரத்துல மிளகுக் கொடி ஏத்தியிருக்கு. பெங்களூர்ல இருந்து கொட்டை வாங்கற பார்ட்டி ஒருத்தர், ஹெவி மெட்டல் ரிப்போர்ட் இருந்தா கிலோவுக்குக் கொஞ்சம் சேத்துப் போடறேன்னார், அதான் ஆரம்பம். மண்வள அட்டை இருக்கே அதைக் காட்டலாமேன்னு எடுத்துப் பாத்தா அதுல வேலைக்காகல. 2015ல வந்த திட்டம் அது, தழை மணி சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அப்பறம் பிஹெச், உப்பு, கரிமச்சத்துன்னு மொத்தம் 12 கட்டம். ஈயம் இல்ல, காட்மியம் இல்ல, நிக்கல் குரோமியம் இல்ல. தாமிரம் இருக்கு, ஆனா அது பயிருக்குப் பத்துதா பத்தலையான்னு பாக்கறதுக்கு, அளவுக்கு மேல ஏறிப்போச்சான்னு கேக்கற கட்டமே அந்த அட்டையில கெடையாது. எங்க காட்டுக்கு 'போதுமானது'ன்னு போட்டிருந்துச்சு. மூணு தலைமுறையா மயில்துத்தம், அதான் காப்பர் சல்பேட், குடிச்ச மண்ணு, போதாம இருக்குமா?

லேப்புக்கு போன் பண்ணினா ரெண்டு பேக்கேஜ் சொன்னாங்க. மெட்டல் மட்டும்னா ஒரு சாம்பிளுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம், பாக்டீரியாவும் சேத்தா கிட்டத்தட்ட டபுள். பாக்டீரியால என்ன பாப்பீங்கன்னு கேட்டா, எத்தனை இருக்கு, காப்பரைத் தாங்குதா, ஆன்டிபயாடிக்கைத் தாங்குதான்னு பாப்போம்னாங்க. காப்பிச் செடிக்கு எதுக்குய்யா ஆன்டிபயாடிக்னு எனக்குச் சிரிப்பு தான் வந்துச்சு, ஆனா அக்கா பொண்ணு பெரியார் யுனிவர்சிட்டில மைக்ரோபயாலஜி படிக்குது, அது பக்கத்துல உக்காந்திருந்துச்சு, மாமா அதையும் சேத்துக் குடுங்க, காசு போனா போகுதுன்னுச்சு. போனது என் காசு.

மண்ணு எடுக்க வந்த பையனைப் பத்தி நல்லா சொல்லணும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி பைக்ல வந்தவன் வந்த ஒடனே நம்ம மேஸ்திரி நீட்டின மம்முட்டியையும் தகர பக்கெட்டையும் ஓரமா வச்சிட்டான். "அண்ணா, இது துத்தநாகம் பூசின பக்கெட்டு, இதுல அள்ளினா ரிப்போர்ட்ல உங்க காடு வராது, பக்கெட்டு தான் வரும்"னான். ஸ்டெயின்லெஸ் கொத்து, பிளாஸ்டிக் டப்பு அவனே கொண்டாந்திருந்தான். மேல கெடக்கற சருகை ஒதுக்கிட்டு, 'வி' மாதிரி குழி வெட்டி, குழியோட பக்கச் சுவத்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே கனத்துக்குச் சீவி எடுத்து, காடு பூரா வளைஞ்சு வளைஞ்சு போயி பல எடத்துல எடுத்து ஒண்ணாக் கொட்டி, நாலாப் பிரிச்சு எதிரெதிர் பங்கை வச்சிக்கிட்டு மத்ததைத் தள்ளி, கடைசியா அரைக் கிலோ. இது மெட்டலுக்கு. பாக்டீரியாவுக்குத் தனியா, கொத்தை ஸ்பிரிட்டுல தொடைச்சு, புதுக் கவர்ல எடுத்து நேரா ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிட்டான். நீங்க வேற லேப்ல குடுக்கறதா இருந்தா இதை மட்டும் கவனிங்க, நெழல்ல காயப்போட்ட அதே மண்ணுல இருந்து பாக்டீரியாவும் பாக்கறோம்னு எவனாச்சும் சொன்னா காசைக் குடுக்காதீங்க, காயக் காயப் பாதி செத்துடும், எது பொழைச்சுதோ அதை எண்ணி ரிப்போர்ட் குடுத்துடுவான்.

அவன் இன்னொண்ணும் சொன்னான், அது தான் காசுக்கு மதிப்பு. மிளகுக் கொடி அடிமண்ணு ஒரு சாம்பிள், காப்பி வரிசைக்கு நடுவுல ஒரு சாம்பிள், அப்பறம் வேலிக்கு அந்தப் பக்கம் மருந்தே அடிக்காத கோயில் காட்டு மண்ணு ஒரு சாம்பிள், மூணும் தனித்தனியா எடுத்தா தான் ஏதாச்சும் புரியும் அண்ணான்னான். பில்லு ஏத்தறதுக்குச் சொல்றான்னு தான் நெனைச்சேன். ரிப்போர்ட் வந்தப்பறம் தெரிஞ்சுது அவன் சொன்னதுல ஒரு வார்த்தை வீண் இல்லன்னு. அந்தக் கோயில் காட்டு மண்ணு இல்லன்னா மத்த ரெண்டும் வெறும் நம்பர் தான்.

ரிப்போர்ட் சொன்ன தேதிக்கு வரல, போன் பண்ணினா மெஷின் ரிப்பேருன்னாங்க, மறுபடி பண்ணினா எடுக்கல, அப்பறம் நேர்ல போயிட்டு காத்திருந்து, வெளிய வண்டிக்கடையில தட்டுவடை செட்டு சாப்பிட்டு, வாங்கிட்டு வந்தேன். சேலத்துல காத்திருக்கறதுக்கு இந்த ஒரு வசதி இருக்கு. ரிப்போர்ட் பூரா இங்கிலீஷ். காட்டுல வேலை செய்யறவங்களுக்குப் படிச்சுக் காட்டணும்னா நாம தான் பக்கத்துல நிக்கணும். அரசாங்க அட்டையே தமிழ்ல வருது, இவங்களுக்கு என்ன கேடு.

சரி, மெட்டல் பக்கம். நல்லா பண்ணியிருக்காங்க. காப்பருக்கு ரெண்டு நம்பர் குடுத்திருக்காங்க, ஒண்ணு மண்ணை ஆசிட்டுல கரைச்சு எடுத்த மொத்த காப்பர், இன்னொண்ணு டிடிபிஏன்னு ஒரு கரைசல்ல பிரிச்சு எடுக்கறது, செடியும் கிருமியும் உண்மையில தொடக்கூடிய பங்கு அது. மண்வள அட்டையில வர்றது இந்த ரெண்டாவது நம்பர் மட்டும் தான். மொத்தம் எவ்வளவு சேந்து கெடக்குன்னு பாக்காம இதை மட்டும் பாத்தா பாதிக் கதை தான் தெரியும், ஏன்னா பிஹெச் எறங்கினா, அதாவது மண்ணு புளிச்சா, பூட்டிக் கெடக்கற காப்பர் வெளிய வரும். ஏற்காட்டு மண்ணு பாக்ஸைட்டு மேல உக்காந்திருக்கற செம்மண்ணு, மழையில கழுவிக் கழுவிப் புளிச்சுப் போன மண்ணு, இங்க அது சாதாரணமா நடக்கும். பாக்டீரியாவுக்கும் வெளிய வந்த காப்பர் தான் கணக்கு.

எங்க ரிசல்ட்டு: ஈயம், காட்மியம் பயப்படற மாதிரி இல்ல. காப்பர் தான். கோயில் காட்டு மண்ணை விட காப்பி வரிசை மண்ணுல நல்லா ஏறியிருக்கு, மிளகு அடிமண்ணுல அதை விட எக்கச்சக்கம். இது எப்படி வந்துச்சுன்னு அக்கா பொண்ணு ஒரு நோட்டுல கணக்குப் போட்டுக் காட்டுச்சு, அதை அப்படியே போடறேன், உங்க காட்டுக்கும் போட்டுப் பாத்துக்கலாம்.

மயில்துத்தத்துல கால்வாசி காப்பர். எலைத்துருவுக்கு அடிக்கற அரை சதவீத போர்டோ, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல்னா, 100 லிட்டர் தண்ணிக்கு அரைக் கிலோ மயில்துத்தம். ஏக்கருக்கு 400 லிட்டர் அடிக்கறோம்னு வச்சிக்கிட்டா 2 கிலோ மயில்துத்தம், அதுல காப்பர் அரைக் கிலோ. மழைக்கு முன்னாடி ஒண்ணு, மழைக்கு அப்பறம் ஒண்ணு, வருசத்துக்கு 1 கிலோ காப்பர். 50 வருசத்துக்கு 50 கிலோ. ஏக்கர்ல மேல இருக்கற அரையடி மண்ணு சுமாரா 900 டன்னு எடை வரும். 50 கிலோவை அதுல கலந்தா 55 பிபிஎம் ஏத்தம், அதாவது ஒரு கிலோ மண்ணுக்கு 55 மில்லிகிராம். மழையில அடிச்சிட்டுப் போறது, கீழ எறங்கறது எல்லாம் கழிச்சாலும் பெரும்பங்கு அங்கயே தான் கெடக்கும், காப்பர் மக்கற சாமான் இல்ல, வெயில்ல அழியற மருந்தும் இல்ல, காப்பிக் கொட்டையோட வெளிய போறதும் ரொம்பக் கம்மி.

மிளகுக்கு இன்னும் மோசம். வாடல் நோய்க்கு காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2 கிராம் போட்டு கொடிக்கு 5 லிட்டர் அடியில ஊத்தறோம். அந்தப் பவுடர்ல பாதி காப்பர், ஆக ஒரு கொடிக்கு 5 கிராம். கொடியைச் சுத்தி எல்லாப் பக்கமும் முக்கால் மீட்டர் தூரத்துக்குள்ள, அரையடி ஆழத்துக்குள்ள அது நின்னுச்சுன்னா ஒரு தடவைக்கே 13 பிபிஎம் கிட்ட ஏறும். ஏக்கர் பூரா சராசரி போட்டா நல்ல புள்ளை மாதிரி தெரியும், கொடி அடியில போயி பாத்தா தான் வண்டவாளம். ஐரோப்பாக்காரன் 1885ல திராட்சைக்காக போர்டோவைக் கண்டுபுடிச்சவன், இன்னைக்கு அவனே ஹெக்டேருக்கு 7 வருசத்துக்கு 28 கிலோ காப்பர், அதுக்கு மேல கூடாதுன்னு கட்டுப்பாடு வச்சிருக்கான். எங்க காப்பி ஸ்பிரே கணக்கு மட்டும்னா அதுக்குள்ள தான் வருது. மிளகையும் எருவையும் சேத்தா தான் கணக்கு ஒதைக்குது.

எருன்னு சொன்னேன்ல, அதையும் ஒரு கவர்ல குடுத்திருந்தேன். நாமக்கல்லுல இருந்து லோடு அடிக்கற கோழி எரு தான், மலையில பாதிப் பேரு அதைத் தான் போடறோம். அதுல காப்பரும் துத்தநாகமும் நெறைய வந்திருக்கு. காரணம் கோழித் தீவனம், தீவனத்துல மயில்துத்தமும் துத்தநாக உப்பும் சேப்பாங்க, கோழி ஒடம்புல ஒட்டறது கொஞ்சம், மீதி எல்லாம் எச்சத்துல தான் வரும். உரச் சட்டத்துல நகரக் கழிவு எருவுக்கு கிலோவுக்கு காப்பர் 300 மில்லிகிராம், துத்தநாகம் 1000, ஈயம் 100, காட்மியம் 5னு லிமிட் இருக்கு, அதை வச்சு ஒப்பிட்டுக் காட்டியிருந்தாங்க, நல்ல விசயம். நான் நல்லா மக்க வச்சுத் தானே போடறேன்னு கேட்டதுக்கு லேப் மேடம் சொன்னது புதுசா இருந்துச்சு: நல்லா சூடு ஏறி மக்கினா நோய்க் கிருமி சாகும், ஆன்டிபயாடிக் மிச்சம் மீதியும் கொஞ்சம் ஒடையும், ஆனா மெட்டல் சாகாது, குப்பை மக்கி எடை கொறையக் கொறைய கிலோவுக்கு மெட்டல் கூடத் தான் செய்யும். கோழிக்கும் மாட்டுக்கும் கோலிஸ்டின்ங்கற ஆன்டிபயாடிக் குடுக்கக் கூடாதுன்னு 2019ல தடை போட்டாங்க, அது எல்லாருக்கும் தெரியும். தீவனத்துல இருக்கற காப்பரைப் பத்தி யாரு பேசறாங்க?

இப்ப பாக்டீரியா ரிப்போர்ட். ஆஸ்பத்திரில யூரின் கல்ச்சர் எடுத்தா ஒரு லிஸ்ட்டு குடுப்பாங்கல்ல, மருந்து பேரு, பக்கத்துல எஸ் (மருந்துக்கு அடங்கும்), ஐ (நடுவாந்தரம்), ஆர் (அடங்காது). அதே ஃபார்மட்டு, அதே லிஸ்ட்டு, மேல நோயாளி பேரு இருக்கற எடத்துல 'மிளகு அடிமண்'. ஆம்பிசிலின் ஆர், டெட்ராசைக்ளின் ஆர், இன்னும் ரெண்டு மூணு ஆர், எல்லாம் செவப்பு எழுத்துல. எங்க அம்மா அதைப் பாத்துட்டு அந்தக் காட்டுக்குள்ள செருப்பில்லாம போகாதீங்கடான்னு ஆரம்பிச்சிட்டாங்க.

அக்கா பொண்ணு தான் ரிப்போர்ட்டைப் பிரிச்சு மேஞ்சுது. "மாமா, இந்த எஸ் ஐ ஆர் எல்லை எல்லாம் மனுசனுக்கு நோய் குடுக்கற கிருமிக்குப் போட்டது, மண்ணுல இருக்கற ஏதோ ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவுக்கு இதைப் பொருத்தி ஆர்னு எழுதறது தப்பு, மருந்து வில்லையைச் சுத்திக் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர்னு மட்டும் எழுதியிருக்கணும்"னுச்சு. சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா வகையறால பலதும் பொறப்புலயே ஆம்பிசிலினுக்கு அசையாதாம், அதுக்கு காப்பரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அதுமட்டுமில்ல, மண்ணுல இருக்கற பாக்டீரியால லேப் தட்டுல வளர்ற கூட்டம் நூத்துல ஒண்ணு கூடத் தேறாது, மீதி எல்லாம் இந்த ரிப்போர்ட்டுக்குள்ளயே வரல.

அப்ப ரெசிஸ்டன்ஸ்ங்கறதே சும்மாவான்னு கேட்டேன். சும்மா இல்ல, ஆனா மண்ணுல அது பழைய சொத்துன்னுச்சு. ஆன்டிபயாடிக்ல பாதி மண்ணுல இருந்து தானே எடுத்தது, 1943ல ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபுடிச்சது மண்ணுல வாழற ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிருமில இருந்து தான். விஷத்தைத் தயாரிக்கற எடத்துல அதைத் தாங்கற வித்தையும் இருக்கத் தான செய்யும். கனடா பக்கம் 30,000 வருசமா ஒறைஞ்சு கெடந்த மண்ணுலயே டெட்ராசைக்ளினைத் தாங்கற ஜீன் இருந்துச்சுன்னு 2011ல கண்டுபுடிச்சிருக்காங்க. அதனால ஆர் இருக்குங்கறது செய்தி இல்ல மாமா, மருந்தடிக்காத மண்ணை விட இதுல எவ்வளவு கூட இருக்குங்கறது தான் செய்தி, அந்த ஒப்பீட்டை இவங்க எழுதவே இல்ல பாருங்கன்னு காட்டுச்சு. உண்மை தான், மூணு சாம்பிளோட நம்பரும் மூணு தனித்தனித் தாள்ல கெடக்கு, ஒரு எடத்துல கூட பக்கத்துல பக்கத்துல வைக்கல. காசு வாங்கின லேப் செய்ய வேண்டிய வேலையை நாங்க சாப்பாட்டு மேசையில உக்காந்து செஞ்சோம்.

வச்சுப் பாத்தா நல்லாவே வித்தியாசம் தெரியுது. காப்பர் கலந்த தட்டுல கோயில் காட்டு மண்ணு கொஞ்சமாத் தான் வளந்திருக்கு, மிளகு அடிமண்ணு தட்டு பூரா வளந்திருக்கு. அப்படி காப்பர் தட்டுல வளந்ததை எடுத்து மருந்து வில்லை வச்சுப் பாத்ததுல டெட்ராசைக்ளினைத் தாங்கினதும் மிளகு மண்ணுல தான் கூட. ஆனா இந்தக் காட்டுல எவனும் டெட்ராசைக்ளின் போடல. கோழி எருல வந்திருக்கலாமேன்னு கேக்கலாம், வந்திருக்கலாம் தான், ஆனா மிளகுக்கும் காப்பிக்கும் ஒரே எரு தான் போடறோம், கூட ஊத்தறது காப்பர் மட்டும். எங்க ஒரு காட்டை வச்சு நிரூபணம்னு சொல்ல மாட்டேன். டென்மார்க்ல நெலத்துல வேணும்னே காப்பர் கலந்து பாத்து 2005ல எழுதினாங்க, ஆன்டிபயாடிக் போடாத நெலம், அங்கயும் காப்பரைத் தாங்கின பாக்டீரியால ஆம்பிசிலினைத் தாங்கறது கூட இருந்துச்சு. அதே ஊர்ல பன்னித் தீவனத்து காப்பரால, காப்பரைத் தாங்கற ஜீனும் வாங்கோமைசின்ங்கற ஆன்டிபயாடிக்கைத் தாங்கற ஜீனும் ஒண்ணாச் சுமக்கற என்ட்ரோகாக்கஸ்ங்கற குடல் பாக்டீரியா கெடைச்சுது.

காப்பர் இருக்கற எடத்துல ஆன்டிபயாடிக்கைத் தாங்கற கிருமி எப்படிக் கூடுதுன்னா மூணு வழி இருக்கு. மொத வழி, மெட்டலைச் சமாளிக்கற ஜீனும் மருந்தைச் சமாளிக்கற ஜீனும் ஒரே பிளாஸ்மிட்ல, அதாவது ஒரு கிருமி இன்னொண்ணுக்குக் கைமாத்தக்கூடிய சின்ன டிஎன்ஏ வளையத்துல, பக்கத்துல பக்கத்துல இருக்கறது. ஒரே கொத்துல ரெண்டு சாவி மாதிரி, காப்பர் பூட்டுக்காகக் கொத்தை இடுப்புல சொருகியே வச்சிருக்கும், டெட்ராசைக்ளின் சாவியும் அதோட தொங்கிட்டே வரும், அதைத் தொலைக்க முடியாது. இதுல பழைய உதாரணம் பாதரசம், டிஎன்21னு ஒரு தாவற ஜீன் கட்டு இருக்கு, அதுல பாதரசத்தைத் தாங்கறது, ஸ்ட்ரெப்டோமைசினைத் தாங்கறது, சல்பா மருந்தைத் தாங்கறது எல்லாம் ஒண்ணா இருக்கு. ரெண்டாவது வழி, கிருமியோட தோல்ல இருக்கற ஒரே பம்பு மெட்டலையும் வெளிய தள்ளும் மருந்தையும் வெளிய தள்ளும். மூணாவது கொஞ்சம் சூட்சுமம், சூடோமோனாஸ்ல துத்தநாகம் ஏறினா அதை வெளியேத்தற பம்பை முடுக்கி விடற அதே சிக்னல், தோல்ல இருக்கற ஒரு துளையைக் கொறைச்சிடும், இமிபெனம்னு ஐசியூல போடற பெரிய மருந்து உள்ள போறது அந்தத் துளை வழியா தான். துத்தநாகத்துக்காகச் செஞ்சது, மருந்துக்கும் சேத்து அடைபட்டுப் போச்சு.

இதுல எனக்கு உறைச்சது ஒண்ணு தான். ஆன்டிபயாடிக் மண்ணுல விழுந்தா நாளாக நாளாக ஒடைஞ்சு போகும், அதுக்கப்பறம் அந்த ஜீனைச் சுமக்கறது கிருமிக்கு வெட்டிச் செலவு, மெல்ல மெல்ல உதிந்துடலாம். காப்பர் போகாது. அது இருக்கற வரைக்கும் அந்தச் செலவு வெட்டி ஆகாது. மருந்துக் கடையில எத்தனை கட்டுப்பாடு போட்டாலும் காட்டுல இப்படி ஒண்ணு வருசக்கணக்கா நின்னு வேலை குடுத்துட்டே இருக்கும்.

சரி மண்ணுல இருந்தா நமக்கென்னன்னு மேஸ்திரி கேட்டார், ஞாயமான கேள்வி. மண்ணுக் கிருமி நேரா வந்து ஆளைக் கடிக்காது. ஜீன் தான் பயணம் போகும். இப்ப ஆஸ்பத்திரில செஃபோடாக்சிம் மாதிரி ஊசி மருந்தை ஒடைக்கற சிடிஎக்ஸ்-எம்னு ஒரு நொதி ஒலகம் பூரா பரவிக் கெடக்கு, அதோட மூல ஜீன் க்ளைவெராங்கற, நாம கண்டுக்கவே கண்டுக்காத ஒரு சாதாரணக் கிருமில இருந்து வந்தது. 2019ல மட்டும் ஒலகத்துல 12 லட்சத்து 70 ஆயிரம் சாவு நேரடியா மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால தான்னு கணக்கு. அதுல நம்ம மிளகுக் கொடியோட பங்கு எவ்வளவுன்னு எவனாலும் பிரிச்சுச் சொல்ல முடியாது, அதுக்காக பங்கே இல்லன்னும் சொல்ல மாட்டேன்.

இப்ப அந்தக் கடைசிப் பக்கம். 'பரிந்துரை'ன்னு தலைப்பு, கீழ ஒரு பவுடர் போட்டோ, மெட்டலைத் தின்னும் பாக்டீரியா, ஏக்கருக்கு இத்தனை கிலோ, விலை இத்தனை, எங்ககிட்டயே கெடைக்கும். ஏங்க, மெட்டலை எந்தப் பாக்டீரியாவும் தின்னு தீக்க முடியாது, அது தனிமம், உள்ள எடுத்து வச்சிக்கலாம், வெளிய தள்ளலாம், உருமாத்தலாம், கிருமி செத்தா மறுபடியும் அதே மண்ணுல தான். அதுவும் மெட்டலைத் தாங்கற பாக்டீரியாவை மூட்டை மூட்டையா கொட்டறதுக்கு முன்னாடி அது வேற எதை எதைத் தாங்குதுன்னு டெஸ்ட் பண்ணினீங்களான்னு அக்கா பொண்ணு போன்ல கேட்டுச்சு, அந்தப் பக்கம் சத்தமே இல்ல. டெஸ்ட் பண்ற எடமே மருந்தையும் வித்தா ரிப்போர்ட்டு மேல எப்படிங்க நம்பிக்கை வரும்? இந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டுத் தான் பெங்களூர் பார்ட்டிக்கு அனுப்பினேன். மெட்டல் பக்கத்தை அவர் ஏத்துக்கிட்டார், சொன்ன மாதிரி வெலையும் சேத்துக் குடுத்தார், அந்த வகையில டெஸ்ட்டுக்குப் போட்ட காசு வந்துடுச்சு.

காட்டுல என்ன மாத்தினோம்னு கேப்பீங்க. போர்டோவை நிறுத்தல, நிறுத்தவும் முடியாது, துரு வந்தா எஸ் 795 எலையெல்லாம் கொட்டிடும். ஒரு ரவுண்டு மட்டும் போர்டோ, இன்னொரு ரவுண்டுக்கு ஹெக்சகோனசோல் மாதிரி காப்பர் இல்லாத பூஞ்சை மருந்து, நெழல் மரத்தைக் கழிச்சு காத்து வர விடறது. புதுசா வைக்கற எடத்துல துருவைத் தாங்கற சந்திரகிரி ரகம். மிளகுக்கு, நோய் வந்த கொடிக்கும் அதைச் சுத்தி இருக்கறதுக்கும் மட்டும் காப்பர், மத்ததுக்கு தொழு உரத்துல டிரைக்கோடெர்மாங்கற நல்ல பூஞ்சை, ரெண்டையும் ஒரே நேரத்துல ஊத்தக் கூடாது, காப்பர் டிரைக்கோடெர்மாவையும் சேத்துக் கொன்னுடும். சுண்ணாம்பு போட்டு பிஹெச்சை ஏத்தினா இருக்கற காப்பராச்சும் பூட்டிக் கெடக்கும். சொன்னா நம்ப மாட்டீங்க, இதுல பாதி ரிப்போர்ட்ல இல்ல, ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துல கேட்டது, அங்க காசும் கேக்கல பவுடரும் விக்கல.

யாருக்கு இந்த டெஸ்ட்டு வேணும்னா, திருமணிமுத்தாறு தண்ணி பாயற காட்டுல கீரை, நெல்லு போடறவங்க கட்டாயம் மெட்டல் பேக்கேஜ் எடுங்க, அந்த ஆத்துல கலக்காத பட்டறைத் தண்ணி கெடையாது, உங்களுக்கு காப்பர் மட்டும் பத்தாது, ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல் எல்லாம் கேளுங்க. கருப்பூர், மேக்னசைட் மலைப் பக்கம் காடு இருக்கறவங்க, நிக்கலும் குரோமியமும் ஏறி வந்தா ஒடனே பேக்டரியைத் திட்டாதீங்க, அந்தப் பாறையிலயே அது ரெண்டும் இயற்கையா கூட இருக்கும், பக்கத்துல உழாத கரட்டு மண்ணு ஒரு சாம்பிள் எடுத்து ஒப்பிட்டா தான் தெரியும். மாடித் தோட்டத்துக்கு மண்ணையெல்லாம் டெஸ்ட் பண்ணிட்டு இருக்காதீங்க, வாங்கற எரு மூட்டையை மட்டும் ஒரு தடவை பாருங்க, அது போதும்.

பாக்டீரியா பேக்கேஜ், படிக்கற புள்ளைங்க வீட்டுல இருந்தா எடுங்க, இல்லன்னா இப்போதைக்கு வேண்டாம். எடுத்தே தீருவேன்னா மருந்தடிக்காத மண்ணையும் சேத்துக் குடுங்க, வட்டம் எத்தனை மில்லிமீட்டர்னு எழுதித் தரச் சொல்லுங்க, ஆர் எழுத்தைச் செவப்புல போட வேண்டாம்னு சொல்லுங்க. ஒப்பீட்டு சாம்பிளுக்குப் பாதி ரேட்டு போடறோம்னு அந்த மேடம் என்கிட்ட சொல்லியிருக்காங்க, ரேட்டு கார்டுல இன்னும் ஏறல. மெட்டல் மட்டும் வேணும்ங்கறவங்க வாட்ஸப்ல முன்கூட்டியே டைப் பண்ணிப் போட்டுடுங்க, வாயில சொன்னா ஃபுல் பேக்கேஜுக்கு பில்லு வந்துடுது.